களைத்துப்போன உடம்புக்கு இன்னும் பயிற்சியா?

கேள்வியின் சாரம் இது: வேலை, குடும்பம், பணக்கவலை என்று தினமும் சேரும் மன அழுத்தத்துக்கு உடற்பயிற்சிதான் மருந்து என்கிறார்கள். ஆனால் வேலை முடியும்போதே உடம்பு துவண்டுவிடுகிறது. அதற்கு மேல் பயிற்சி செய்தால் களைப்பு கூடத்தானே செய்யும்? உண்மையிலேயே உதவுமா, உதவினால் எதை, எவ்வளவு, எப்போது செய்வது?

உதவும். ஆனால் பலரும் நினைப்பதைவிடக் குறைந்த கடுமையில், பலரும் நினைப்பதைவிட அடிக்கடி செய்ய வேண்டும். வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டினால்தான் டென்ஷன் இறங்கும் என்று தொடங்குகிறவர்களில் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். எடை குறைப்பதற்கோ போட்டியில் ஓடுவதற்கோ செய்யும் பயிற்சிக்கு வேறு கணக்குகள் உண்டு. மன அழுத்தத்துக்காகச் செய்வதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முடிக்கும்போது, தொடங்கியபோது இருந்ததைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். அடித்துப் போட்டதுபோல் இருந்தால் அன்றைக்கு அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அந்தக் களைப்பிலிருந்தே தொடங்கலாம். நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவரின் தொடைத் தசைகள் களைக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு. மேலதிகாரியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி, வாடிக்கையாளரின் ஒரு கோபமான அழைப்பு, முடியாத வேலைக்கு ஒரு கெடு. இவை ஒவ்வொன்றுக்கும் உடம்பு ஓடுவதற்கோ சண்டையிடுவதற்கோ தயாரானது. சில நொடிகளில் அட்ரினலின் பாய்ந்து நாடி ஏறியது, மூச்சு மேலோட்டமானது, தோளும் தாடையும் இறுகின, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கியது. பின்னாலேயே மூளையில் உள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி வழியாகச் செய்தி போய், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரந்தன. இது மெதுவாக ஏறுவது. உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது சண்டை முடிந்து, நீங்கள் அடுத்த வேலையில் உட்கார்ந்த பிறகுதான் அது உச்சத்துக்கு வருகிறது. இத்தனை தயாரிப்புக்குப் பிறகும் நீங்கள் ஓடவும் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து ‘சரிங்க, பார்க்கிறேன்’ என்று பதில் எழுதினீர்கள்.

‘போரிடு அல்லது ஓடு’ என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்த எதிர்வினையை விளக்கியவர் அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர், எந்த வகைத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரியான பொது எதிர்வினை காட்டுகிறது என்று எலிகளை வைத்து எழுதினார். விவரங்களில் பிற்பாடு நிறைய திருத்தங்கள் வந்தன. ஆனால் அடிப்படை மாறவில்லை: மிரட்டல் மனதளவில் இருந்தாலும் உடம்பு தசையளவில் பதில் சொல்கிறது.

எனவே மாலையில் வரும் களைப்பு பெரும்பாலும் உழைத்த களைப்பல்ல, இறுகியே இருந்த களைப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. எழுந்து பத்து நிமிடம் சாதாரணமாக நடந்து பாருங்கள். இறுக்கத்தால் வந்த களைப்பானால் ஐந்தாறு நிமிடத்தில் அது இளகத் தொடங்கும், தொடர்ந்து நடக்கத் தோன்றும். தூக்கமின்மையாலோ, காய்ச்சல் தொடங்குவதாலோ, உண்மையான உடலுழைப்பாலோ வந்ததானால் ஒவ்வொரு நிமிடமும் கால் கனக்கும். அப்போது திரும்பிவிடுங்கள்; அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது தூக்கம்.

இனி, அது எப்படி வேலை செய்கிறது. ‘உடற்பயிற்சி ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை எரித்துவிடும்’ என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. கடுமையான பயிற்சியே கார்டிசாலை ஏற்றும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிப் பழக்கம் உள்ள ஆண்களை அரை மணி நேரம் மூன்று வெவ்வேறு கடுமையில் மிதிவண்டிக் கருவி மிதிக்க வைத்தார்கள். அவரவர் உச்சத் திறனில் 60, 80 சதவீத அளவில் மிதித்தபோது கார்டிசால் கூடியது. 40 சதவீதத்தில் மிதித்தபோது குறைந்தது. ஆக, உடம்பின் கண்ணுக்குக் கடும் பயிற்சியும் ஒரு வகை அழுத்தம்தான்.

அப்படியானால் அது எப்படி நன்மை செய்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கார்டிசால் ஏறும்போது அதுவே மூளைக்குப் போய் ‘போதும், உற்பத்தியை நிறுத்து’ என்றும் சொல்கிறது. 2015-இல் ஜெர்மனியில் செய்த ஆய்வொன்றில், ஒரு குழு அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடியது, இன்னொரு குழு லேசாக உடலை நீட்டி மடக்கியது. பிறகு இரு குழுவினருக்கும் திட்டமிட்டு எரிச்சலூட்டும் கணக்குத் தேர்வு வைத்தார்கள். ஓடியவர்களின் கார்டிசால் எதிர்வினை அந்தத் தேர்வின்போது தணிந்திருந்தது. முன்பே ஒரு முறை ஏறி இறங்கிய அமைப்பு, இரண்டாம் முறை அவ்வளவு துள்ளவில்லை.

ரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். மிதமான பயிற்சி முடிந்த பிறகு ரத்த அழுத்தம் சில மணி நேரம் வழக்கத்தைவிடக் கீழே இருக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு மன நெருக்கடி வந்தாலும் அது ஏறும் அளவு குறைகிறது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆனால் இந்தப் பயனைப் பலரும் வீணடிக்கிறார்கள். பயிற்சியை எப்போதும் தொல்லைக்குப் பிறகான வைத்தியமாகவே நினைக்கிறோம். தொல்லைக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் கவசமாகவும் அது உதவும். கடினமான கூட்டம், நேர்முகத் தேர்வு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பேச்சு இவற்றுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் இருபது, முப்பது நிமிட வேகநடை போய்வாருங்கள். கைநடுக்கம் முழுக்கப் போய்விடும் என்று சொல்லமாட்டேன். வித்தியாசம் தெரியும்.

உடம்பே சுரக்கும் வலிதணிப்புப் பொருளான எண்டார்ஃபின் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடினால் வரும் இனிய மிதப்புக்கு அதுதான் காரணம் என்பது ஏறக்குறைய பொது அறிவாகிவிட்டது. ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பது அந்தக் கதைக்கு முதல் இடைஞ்சல். 2021-இல் வெளியான ஆய்வொன்றில், எண்டார்ஃபின் வேலை செய்யும் ஏற்பிகளை நால்ட்ரெக்சோன் என்ற மருந்தால் அடைத்துவிட்டு ஆட்களை 45 நிமிடம் ஓடவிட்டார்கள். அப்போதும் அந்த மிதப்பு வந்தது, பதற்றமும் குறைந்தது. இப்போது சந்தேகம் எண்டோகன்னபினாய்டுகள் என்ற, உடம்பே சுரக்கும் வேறொரு கூட்டத்தின் மேல் திரும்பியிருக்கிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் என்பதால் இவை மூளைக்குள் சுலபமாகப் போய்விடும். தினசரி வாழ்க்கைக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த மிதப்பு வராவிட்டால் பயிற்சி பலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் அது வராது. அழுத்தம் இறங்க அது தேவையுமில்லை.

இதற்கு எதிர்த்தரப்பையும் சொன்னால்தான் நியாயம். 1978-இல் செய்த ஒரு பழைய ஆய்வில் ஒரு குழு இருபது நிமிடம் டிரெட்மில்லில் நடந்தது, ஒரு குழு தியானம் செய்தது, மூன்றாவது குழு சாய்வு நாற்காலியில் சும்மா ஓய்வெடுத்தது. மூன்று குழுவிலும் பதற்றம் குறைந்தது! தொல்லையிலிருந்து கொஞ்ச நேரம் விலகி இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அப்படியானால் நாற்காலியே போதுமே? பின்னால் வந்த ஆய்வில், ஓய்வால் இறங்கிய ரத்த அழுத்தம் சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பயிற்சியால் இறங்கியது மணிக்கணக்கில் நீடித்தது. என் கருத்தில் இன்னொரு காரணமும் உண்டு: இன்றைக்கு யாரும் சாய்வு நாற்காலியில் சும்மா இருப்பதில்லை, கையில் கைபேசி இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே நாளில், ஒரு முறை செய்ததற்குக் கிடைக்கும் பலன். வாரக்கணக்கில் செய்தால் கிடைப்பது வேறு. ஓர் ஆய்வில், முன்பு பயிற்சிப் பழக்கம் இல்லாத பொறியியல் மாணவர்களுக்கு 20 வாரம் ஓட்டப் பயிற்சி கொடுத்து, ஆய்வகத்தில் அல்லாமல் நிஜமான தேர்வுக் காலத்திலேயே அவர்கள் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் இதயம் அதே நெருக்கடிக்குக் குறைவாக ஆட்டம் கண்டது. தேர்வு அதேதான், கேள்வித்தாளும் அதேதான். அதற்கு உடம்பு கொடுத்த விலை குறைந்தது. உடற்பயிற்சி பிரச்சினைகளைத் தீர்க்காது. இதைத்தான் அது செய்யும்.

அடுத்து, எவ்வளவு கடினமாகச் செய்வது என்ற கேள்வி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்க நிறுத்தினால் கடும் பயிற்சி. பேன்டெலீமொன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் பயிற்சியின்போது மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதை முடிந்த பிறகு கேட்காமல், நடந்துகொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுப் பதிவு செய்தவர். மூச்சு பேச்சைத் தடுக்கத் தொடங்கும் எல்லைவரை அனேகம் பேருக்கு நன்றாகவே இருக்கிறது; அந்த எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் மனநிலை சரிகிறது என்று அவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். நிறுத்தியதும் ‘அப்பாடா’ என்று ஒரு நல்லுணர்வு வருவது உண்மைதான். ஆனால் நாளைக்குத் திரும்பவும் செய்வீர்களா என்பதை முடிவு செய்வது, நடுவில் பட்ட பாடு.

இதே ஆய்வாளர் வட்டத்திலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 2016-இல் ஒரே அளவு வேலையை இரண்டு விதமாக அடுக்கிப் பார்த்தார்கள்: ஒரு குழுவுக்கு மெதுவாகத் தொடங்கிக் கடினமாக முடிப்பது, இன்னொரு குழுவுக்குக் கடினமாகத் தொடங்கி மெதுவாக முடிப்பது. இரண்டாவது குழு அந்தப் பயிற்சியை இனிமையானதாக நினைவில் வைத்திருந்தது. ஜிம்மில் நமக்குச் சொல்வது இதற்கு நேர் எதிர், ‘கடைசி சுற்றில் உயிரைக் கொடு’ என்பார்கள். அழுத்தத்துக்காகச் செய்பவர் அதைக் கேட்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, கடினமான பகுதியை முன்னாலேயே முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தைச் சோம்பேறித்தனமாக நடந்து கழியுங்கள்.

கால அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதே வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். அந்த 150 நிமிடமும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. மனம் இளக அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தப் பயிற்சி என்று கேட்டால், திரும்பச் செய்யக்கூடியது. வேகநடை, நீச்சல், மிதிவண்டி, எடை தூக்குவது, யோகா எல்லாவற்றுக்கும் பதற்றத்தைக் குறைக்கும் ஆதாரம் இருக்கிறது. எடைப் பயிற்சியில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை: பதற்றத்துக்காகச் செய்பவர்கள் கைகொள்ளாத எடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், இலகுவான அல்லது நடுத்தர எடையே நல்லது.

இப்போது பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடத்துக்கு வருகிறேன்: கோபம். தினசரி அழுத்தத்தில் பாதி கோபம்தான். யாரோ அவமதித்தார்கள், நியாயமில்லாமல் பேசினார்கள், திருப்பிச் சொல்ல முடியவில்லை. ‘போய் நாலு குத்து குத்து, ஓடு, எல்லாம் வெளியே போய்விடும்’ என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் 2002-இல் இதைச் சோதித்தார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு குழுவை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு குழு உடல்தகுதியை நினைத்துக்கொண்டு குத்தியது. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. ஆளை நினைத்துக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் இரு குழுவையும்விடக் குறைவான மூர்க்கம் காட்டினார்கள். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, கோபத்தைத் தணித்தவை உடம்பின் கொதிப்பை இறக்கும் வழிகள்தாம்: மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்வு, யோகா. கொதிப்பை ஏற்றும் செயல்களுக்கு மொத்தத்தில் பலனில்லை. மெதுவோட்டம் கோபத்தைக் கூட்டவும் செய்தது. பந்து விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்காகக் கோபத்தைக் குறைத்தன. அங்கே விளையாட்டும் சிரிப்பும் கூடவே வருவதால் இருக்கலாம்.

காரணம் யோசித்தால் புரியும். கோபத்தில் ஏற்கெனவே நாடி ஏறியிருக்கிறது, உடம்பு சூடாகியிருக்கிறது. ஓட்டமும் அதையே செய்கிறது. மனம் அந்த ஆளோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருந்தால், ஓட்டம் எரிகிற தீயில் எண்ணெய்தான். இதில் இதயம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 52 நாடுகளில் முதல் முறை மாரடைப்பு வந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். மாரடைப்புக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடும் கோபமோ மனக்கொந்தளிப்போ இருப்பதற்கும் ஆபத்துக்கும் தொடர்பு இருந்தது, கடும் உடல் முயற்சிக்கும் அப்படியே. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தபோது ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஒரு தனிமனிதருக்கு ஒரு மணி நேரத்தில் உள்ள ஆபத்து மிகச் சிறியது என்பதால் மூன்று மடங்கும் சிறியதுதான். ஆனால் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர், சண்டை போட்ட கையோடு கனமான எடையைத் தூக்கவோ வேகமாக ஓடவோ போகக்கூடாது என்று சொல்ல இது போதும்.

ஆகவே கோபமாக இருக்கும்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் ஐந்து நிமிடம் மூச்சு: மூக்கால் இழுத்து, அதைவிட நீளமாக வாயால் விடுவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பை இறக்கும் நரம்புக்கு வேலை கிடைக்கிறது. பிறகு மெதுவான நடை. வாய்ச்சண்டை மனதில் ஓய்ந்த பின்னும் உடம்பில் பரபரப்பு மிச்சமிருந்தால், அப்போது வேகத்தைக் கூட்டலாம். ஆத்திரத்தோடு எடை தூக்குபவர்களுக்கு முழங்காலும் தோளும் தப்புவதும் கடினம்.

கோபம் இல்லாவிட்டாலும் இதே பிரச்சினை வேறு உருவில் வரும்: கால் நடக்கிறது, தலை அலுவலகத்திலேயே இருக்கிறது. நாற்பது நிமிடம் நடந்தேன், ஒன்றும் குறையவில்லை என்பவர்களைக் கேட்டால், நாற்பது நிமிடமும் அதே பேச்சை மனதில் ஓட்டியிருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, கவனத்தைக் கட்டாயம் கேட்கும் பயிற்சி. பந்து வருகிற விளையாட்டில் பந்தைத்தான் பார்க்க முடியும். நடனத்தில் அடுத்த அடியை நினைக்க வேண்டும். நீச்சலில் மூச்சைக் கணக்கு வைக்க வேண்டும். நடைதான் முடியும் என்றால், காலடியோடு மூச்சை எண்ணுங்கள்: நாலு அடிக்கு உள்ளே, ஆறு அடிக்கு வெளியே. முடிந்தால் மரம் செடி உள்ள பாதையில் நடங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு குழுவைப் புல்வெளியிலும் மர நிழலிலும், இன்னொரு குழுவை வாகனங்கள் நிறைந்த சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். முதல் குழுவிடம் மட்டும் ஒரே கவலையை அசைபோடும் குணம் குறைந்திருந்தது. காதில் அலுவலக அழைப்போடு நடப்பதை நான் பயிற்சி என்று எண்ணுவதில்லை. அது நின்றுகொண்டு செய்யும் வேலை.

‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன், மூட்டை சுமக்கிறேன், எனக்கும் தனியாகப் பயிற்சி வேண்டுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதை அலட்சியமாகத் தள்ளும் அறிவுரைகள் எனக்கு எரிச்சலூட்டும். ஆதாரம் சொல்வது சற்றுக் கசப்பானது: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவுக்கும், நடந்தோ மிதிவண்டியிலோ வேலைக்குப் போய் வருவதற்கும் நல்ல மனநலத்தோடு தொடர்பு தெரிகிறது. வீட்டு வேலைக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பு மோசமான மனநிலையோடுதான் சேர்ந்து வருகிறது. 2017-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் முடிவு இது. தசைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லாத அசைவு மனதை இளக்குவதில்லை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவருக்கு மேலும் ஓர் ஓட்டத்தைத் திணிப்பது வன்முறை. அவருக்குத் தசைத் தளர்வுப் பயிற்சி பொருந்தும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்தது, ஏறக்குறைய நூறு வருடப் பழமை. படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து நெற்றிவரை ஒவ்வொரு தசைக்கூட்டமாக ஐந்து நொடி இறுக்கி, பிறகு மொத்தமாக விடுவது, விட்ட பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று அரை நிமிடம் கவனிப்பது. பதினைந்து நிமிடம் போதும். அதோடு, யாருக்காகவும் அல்லாமல் தனக்கென்று நடக்கும் கால் மணி நேரம் கிடைத்தால் விடவேண்டாம்.

நெருக்கடி உச்சத்தில் இருக்கும் வாரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பயிற்சி நிற்கிறது. அழுத்தம் கூடினால் மனிதர்கள் அசைவைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். மறுபக்கம், நீடித்த அழுத்தத்தில் இருப்பவர்களின் தசைகள் கடும் பயிற்சிக்குப் பிறகு மீண்டும் பலம் பெறுவதற்கு அதிக நாள் எடுக்கின்றன. எனவே அந்த வாரங்களில் பலரும் செய்யும் இரண்டு காரியங்களும் தவறு: முற்றிலும் நிறுத்துவது, அல்லது வைராக்கியமாக வழக்கமான கடுமையையே தொடர்வது. எத்தனை நாள் என்பதைக் குறைக்காதீர்கள், எவ்வளவு கடினம் என்பதைக் குறையுங்கள். ஓட்டம் நடையாகட்டும். நாற்பது நிமிடம் பன்னிரண்டாகட்டும். காலையில் எழும்போதே நாடி வழக்கத்தைவிட வேகமாக அடிப்பது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தசைவலி மூன்று நாளைத் தாண்டுவது இவையெல்லாம் ‘கொஞ்சம் குறை’ என்று உடம்பு சொல்வதுதான்.

பழக்கமாவதற்கு 21 நாள் என்ற கணக்கை நம்பாதீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நேரத்தைவிட நிகழ்ச்சியோடு கட்டிவைப்பது நல்லது: ‘ஆறு மணிக்கு’ என்பதற்குப் பதில் ‘கணினியை மூடியதும், வேறெங்கும் உட்காருவதற்கு முன்னால்’. உட்கார்ந்தால் போச்சு.

இரவில் செய்தால் தூக்கம் கெடுமா என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. மாலைப் பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கடும் பயிற்சியை முடிப்பதை மட்டும் தவிர்த்தால் போதும்.

சிலருக்குப் பயிற்சியின்போது நெஞ்சு படபடத்தால் உடனே பயம் பற்றிக்கொள்ளும். பதற்றத்தின் அறிகுறிகளும் பயிற்சியின் அறிகுறிகளும் ஒன்றே: வேகமான நாடி, வியர்வை, மூச்சிரைப்பு. இவர்கள் ஓட்டத்தைத் தவிர்க்க நினைப்பார்கள். ஆனால் மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நாடியை ஏற்றி, அது தானே இறங்குவதைப் பார்த்துப் பழகுவதே இவர்களுக்கு நல்ல சிகிச்சையாகவும் அமையும்; பதற்றத் தாக்குதலுக்குச் சிகிச்சை தருபவர்கள் இந்த வழியை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். நெஞ்சில் அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றி மயக்கம் இருந்தால் அதை மனம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக்கூடாது, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், நெடுநாள் அசையாமல் இருந்துவிட்டுக் கடும் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் மருத்துவரிடம் முதலில் பேசிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், காலையில் எழவே முடியாமல் இருந்தால் அது தினசரி அழுத்தத்தைத் தாண்டிவிட்டது. அங்கே நடை துணையாக இருக்கும், ஆனால் நடை மட்டும் போதாது.

ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடி எண்ணை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்க வேண்டாம். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்களுக்கும் பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்ற கணக்கே சரி.